கப்பல் வராத நாளிலும் எரியும் விளக்கு எது?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றேகால் இருக்கும். சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபான் வேகம் குறைந்து, நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. "கரண்ட் போட்டுது" என்றபடி சின்னம்மா எழும்பிப் போய் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். அந்த வீட்டுக் கூரை முழுக்கச் சோலார் தகடு. வெயில் கொளுத்துகிறது. "உங்களுக்கு இருக்குத்தானே?" என்று கேட்டார். "இல்லையக்கா, எங்களுக்கும் போட்டுது" என்று பதில் வந்தது. சின்னம்மாவால் அதை நம்ப முடியவில்லை. இவ்வளவு வெயிலும் இவ்வளவு தகடும் இருந்து ஒரு ஃபான் சுற்றவில்லை என்றால் அது என்ன சோலார்?

விஷயம் இதுதான். பற்றரி இல்லாத கூரைச் சோலார், வெளியே கம்பியில் மின்சாரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும். கம்பி செத்தால், தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிறவர் மீது கீழே எங்கிருந்தோ மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அன்றைக்கு நின்றது எங்கள் ஒழுங்கையில் மட்டுமல்ல, முழுத் தீவிலும்தான். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் தொடங்கியது என்றார் மின்சக்தி அமைச்சர். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவற்றைத் திரும்ப ஓடவைக்க நாட்கள் எடுத்ததால், அடுத்தடுத்த நாட்களிலும் நாடு முழுக்க முறைவைத்து மின்வெட்டு.

இப்போது சின்னம்மாவும் சோலார் போடப்போகிறார். "தம்பி, தகடு மட்டும் போடுவமோ, இல்லாட்டில் பற்றரியும் சேர்த்துப் போடுவமோ?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பதில் தேடிக் கணக்குப் போடத் தொடங்கியவன், நாட்டின் கணக்கு வரைக்கும் போய்விட்டேன். ஏனென்றால் இலங்கைக்கு முன்னால் கிடக்கிற கேள்வியும் அதுவேதான்: பகலில் கிடைப்பது போதும், இரவுக்கு எதை நம்புவது?

இரவு என்றால் விடியும்வரை அல்ல. மின்கட்டணப் பட்டியலில் உச்சநேரம் என்று போட்டிருக்கும் மாலை 6.30 முதல் 10.30 வரையான நாலு மணிநேரம்தான் எங்கள் தலையிடி. லைட், ரீவி, ஃபான், அரிசிக்குக்கர், அயர்ன் எல்லாம் ஒன்றாகப் போடும் நேரம் அது. அப்போது தீவின் தேவை 2,800 மெகாவாட்டை ஒட்டி ஏறும். அதேநேரம் சூரியன் பூச்சியம். மத்தியானத்தில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்தபோது, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபையே வீட்டுக்காரரிடம் கேட்டது. மத்தியானம் கொட்டிக் கிடக்கிறது, இரவில் டீசல் எரிக்கிறோம். இந்த நாலு மணிநேரத்தை நிரப்பப் பல வழிகள் மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஒரு அலகுக்கு எத்தனை ரூபா என்ற ஒரே அளவுகோலைத்தான் நீட்டுகிறார்கள். எனக்கு அது போதாது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய வேறொரு கேள்வியை 2022 எங்களுக்குச் சொல்லித்தந்தது.

அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவித்தார்கள். மின்நிலையங்கள் இல்லாமல் அல்ல. களனிதிஸ்ஸ, கெரவலப்பிட்டிய, சப்புகஸ்கந்த என்று எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எரிக்க எண்ணெய் இல்லை. எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது; கட்ட டொலர் இல்லை. நீர்த்தேக்கங்களும் அந்த மாதங்களில் வழமைபோல வற்றிக் கிடந்தன. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசு அறிவித்தது. சின்னம்மாவின் மகள் மே மாதக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்தாள். படிக்க லாம்பைக் கொளுத்தலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அதே மண்ணெண்ணெயை நம்பித்தான் வலிகாமத்தில் வெங்காயத்துக்கு இறைக்கும் பம்பும் கரையோரத்தில் கட்டுமரத்துக்குப் பூட்டிய இயந்திரமும் ஓடின. ஓகஸ்ட் மாதம் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. மின்கட்டணமும் அந்த ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது.

அதனால் எந்த மின்நிலையத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: கப்பல் வராத மாதத்தில் இது எரியுமா? இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. 90களில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். வெளியிலிருந்து எரிபொருள் வராது என்று தெரிந்த இடத்தில் மனிசர் எப்படி யோசிப்பார்கள் என்பதற்கு அந்த டைனமோவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, நிலக்கரியிலிருந்து தொடங்குவோம். நுரைச்சோலை 900 மெகாவாட். 300 வீதம் மூன்று இயந்திரம். முதலாவது 2011இல் வந்தது, மற்ற இரண்டும் 2014இல். நாட்டின் மலிவான அனல் மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது என்பதை மறுக்க முடியாது. இன்னொரு 300 மெகாவாட் அங்கே கட்டலாமே என்ற பேச்சும் இடைக்கிடை எழும். ஆனால் அந்த நிலையத்தின் வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். கப்பல் கரைக்கு வராது, கடலில் நிற்கும். அங்கிருந்து பார்ஜ் படகுகளில் நிலக்கரியை இறக்கவேண்டும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் அதற்கு விடாது. ஆகவே ஒரு வருடத்துக்குத் தேவையான 35க்கு மேற்பட்ட கப்பல், ஒவ்வொன்றும் 60,000 தொன் அளவில், ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்குள் வந்து முடியவேண்டும். அந்த மாதங்களில் டொலர் தட்டுப்பட்டாலோ கேள்விப்பத்திரம் இழுபட்டாலோ அடுத்த மழைக்காலம் முழுக்க அதன் விலையைக் கொடுப்போம். வெளியே குவித்துவைத்த கரித்தூள் காற்றுக்குப் பறந்து தோட்டத்திலும் கூரையிலும் படிகிறது என்று சுற்றியிருக்கிற கற்பிட்டிப் பக்கத்துச் சனம் பல வருடமாகச் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. 2,000 மெகாவாட் ஓடிக்கொண்டிருக்கும் சின்னத் தீவில் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று திடீரென நின்றால், ஆறில் ஒரு பங்குக்குக் கிட்ட ஒரே நொடியில் காணாமல் போகிறது. பெரிய நாட்டுக்கு அது கடுகு. எங்களுக்கு அது முழு இருட்டு. இருப்பதை நன்றாகப் பராமரித்து ஓட்டுவோம். இன்னொன்று கட்டுவதற்கு நான் கைதூக்கமாட்டேன்.

திரவ இயற்கை வாயுவை, அதாவது எல்என்ஜியை, இடைக்காலப் பாலம் என்கிறார்கள். நிலக்கரியைவிடச் சுத்தம், வேகமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதெல்லாம் உண்மை. கெரவலப்பிட்டியவில் 350 மெகாவாட் சோபாதனவி நிலையம் வாயுவுக்கென்றே கட்டியது. பக்கத்தில் 2010இலிருந்து நிற்கும் யுகதனவியும் ஒருநாள் வாயுவுக்கு மாறும் என்றுதான் வைத்தார்கள். ஆனால் வாயுவை இறக்க முனையம் இல்லை. 2021 செப்டெம்பரில் ஒரு அமெரிக்க நிறுவனத்துடன் செய்த உடன்படிக்கை வழக்கும் எதிர்ப்புமாகி இல்லாமலே போனது. அதனால் வாயுவுக்குப் பிறந்த நிலையம் டீசல் குடிக்கிறது.

முனையம் வந்தாலும் என் பயம் தீராது. வாயு விற்பவர்கள் பல வருடத்துக்கு இத்தனை கப்பல் எடுத்தே தீருவேன் என்று எழுதி வாங்குவார்கள். எங்களுக்கோ மழை பெய்த வருடத்தில் வாயு அதிகம் தேவைப்படாது, வரண்ட வருடத்தில் கூடத் தேவைப்படும். எடுக்காத கப்பலுக்கும் காசு கட்டவேண்டி வரும். அப்படி எழுதாமல் சந்தையில் அன்றன்று வாங்கலாம் என்றால் 2022ஐ நினைத்துப் பாருங்கள். ரஷ்யக் குழாய் அடைபட்டதும் ஐரோப்பா உலகச் சந்தையில் இருந்த கப்பலையெல்லாம் விலை ஏற்றி இழுத்துக்கொண்டது. பாகிஸ்தான் கேள்விப்பத்திரம் போட்டும் விற்க ஒருவரும் முன்வரவில்லை. பங்களாதேசம் அந்த வருடம் சந்தையில் வாயு வாங்குவதை நிறுத்தி, மின்வெட்டுப் போட்டது. அவர்கள் எங்களைவிடப் பெரிய வாடிக்கையாளர்கள். உலக மின்தேவை 2024இல் மட்டும் 4 வீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஏசி, தரவு மையம், மின்வாகனம் என்று எல்லாரும் அதே கப்பலைத்தான் கைகாட்டிக் கூப்பிடுகிறார்கள். அந்த வரிசையில் நாங்கள் கடைசியில்தான் நிற்போம்.

மூன்றாவது, இந்தியாவுடன் கேபிள். மதுரையிலிருந்து மன்னார் வழியாக ஒரு பெரிய இணைப்பு. 2010இலிருந்து பேச்சு நடக்கிறது. 2025 ஏப்ரலில் மோடி கொழும்பு வந்தபோது அதற்கு மறுபடியும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதினார்கள். இதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட நான் தயாரில்லை. 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்சத்தேவை 250 கிகாவாட்டை, அதாவது 250,000 மெகாவாட்டைத் தொட்டது. எங்கள் முழுத் தீவின் தேவையைப்போல ஏறத்தாழ 90 மடங்கு. அவர்களிடமிருந்து 500 மெகாவாட் கேட்பது குளத்தில் ஒரு வாளி மொள்ளுகிற கதை. காற்று நன்றாக வீசும் மாதத்தில் மிஞ்சியதை விற்கவும் வழி பிறக்கும்.

ஆனால் இரண்டு விஷயத்தை யோசிக்கவேண்டும். இரண்டு நாட்டுக்கும் நேரம் ஒன்றேதான். மதுரையில் பொழுதுபடும்போது மன்னாரிலும் பொழுதுபடுகிறது. எங்களுக்கு மின்சாரம் மிகவும் தேவைப்படும் அதே நாலு மணிநேரத்தில் தமிழ்நாட்டுக்காரரும் அரிசிக்குக்கர் போடுகிறார்கள். சந்தையில் விலை ஏறி நிற்கும் நேரம் அதுதான். தென்மேல் காற்றும் இரண்டு கரையிலும் ஒரே மாதங்களில்தான் வீசும். மற்றது, காசு. பங்களாதேசம் 2013இலிருந்து இந்தியாவிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் வாங்குகிறது, பயனாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 ஒக்டோபர் கடைசியில் பாக்கி கட்டவில்லை என்று, ஜார்க்கண்ட் கோட்டாவிலுள்ள அதானி நிலையம் அவர்களுக்கு அனுப்பும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தது. கேபிளும் ஒரு கப்பல்தான். காசு கட்டினால்தான் வரும். ஆபத்துக்கு உதவும் இரண்டாவது வாசலாக அது இருக்கட்டும், முன்வாசலாக வேண்டாம்.

காற்றுக்கு வருவோம். இங்கேதான் கணக்கு மட்டும் போதாமல் போகிறது.

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. தம்பபவனி என்று பெயர், 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2020 கடைசியில் திறந்தது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே நிற்க விடாமல் காற்று தள்ளும். விலையும் நன்றாக இறங்கிவிட்டது. அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்க அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் கேட்டிருந்தது. விலை அதிகம் என்ற வாதம் முற்றி, 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட்டுக்குப் போட்டிக் கேள்விப்பத்திரத்தில் 4.65 சதத்துக்கு ஆள் கிடைத்தது. போட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. கப்பல் கேள்விக்கும் காற்று சரியாகப் பதில் சொல்கிறது; ஒருமுறை நட்டால் எரிபொருள் வானத்திலிருந்து வரும்.

அப்படியிருந்தும் 2025 ஓகஸ்டில் மன்னார்ச் சனம் வீதிக்கு இறங்கிக் காற்றாலைப் பாகம் ஏற்றிவந்த வாகனங்களை மறித்தது. நாட்கணக்காகப் பந்தலில் இருந்தார்கள். அவர்களை அபிவிருத்திக்கு எதிரிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், அது நியாயமல்ல. மன்னார் ஒரு சின்னத் தீவு. பல இடங்களில் நிலம் கடல்மட்டத்தோடு நிற்கிறது. காற்றாலைக்கு வீதி போட்டு மண் உயர்த்திய பிறகு மழைவெள்ளம் வழமையான வழியில் கடலுக்கு ஓடவில்லை, வீட்டுக்குள் நிற்கிறது என்கிறார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். வங்காலைச் சதுப்புநிலம், உலக முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருப்பது. பூநாரைகள் வந்திறங்கும் வழி அது. அதே தீவின் மணலில் இல்மனைற் என்ற கனிமத்தை அகழவும் நிறுவனங்கள் காத்திருக்கின்றன. ஒரு மெல்லிய மணல்திட்டின் மேல் எத்தனை சுமையை ஏற்றுவது? கொழும்பில் லைட் எரிய மன்னாரில் முற்றம் வெள்ளத்தில் நிற்கவேண்டும் என்றால் அந்த மின்சாரத்தின் விலை 4.65 சதம் அல்ல.

திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரிலும் இதே பாடத்தைப் படித்தோம். 2006இல் யுத்தத்தில் துரத்தப்பட்ட சனத்தின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். மக்களும் விடவில்லை, வழக்கும் வந்தது, 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் சூரியப் பூங்கா வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலோ டீசல் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணற்று நீரில் கலந்ததென்று சனம் வருடக்கணக்கில் தண்ணீரை வாளியில் மொண்டு மணந்து பார்த்துக் குடித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை, நிலத்தடி நீர் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் எண்ணெயை நம்பினால் என்ன ஆகும் என்பது அங்கே ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்கும் தெரியும். ஆகவே காற்று வேண்டும், தாராளமாக வேண்டும். ஆனால் அது பெருநிலப்பரப்பில், பூநகரிப் பக்கமாக, ஊர்ச்சனத்தோடு இருந்து பேசி, வெள்ளவாய்க்காலை முதலில் வெட்டிவிட்டு வரவேண்டும்.

காற்றுக்கு ஒரு குறையும் உண்டு, அதிகம் பேசப்படாதது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை காற்று படுத்துவிடும். அதே மாதங்களில்தான் நீர்த்தேக்கமும் வற்றும். 2022இன் இருட்டு மார்ச்சில் வந்தது தற்செயல் அல்ல. அந்த மாதங்களில் எங்களிடம் குறையாமல் இருப்பது வெயில் மட்டும்தான்.

நீர்மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விக்டோரியா 210 மெகாவாட், கொத்மலை 201, லக்‌ஷபான அணைத்தொடர் என்று நல்ல இடங்களில் எல்லாம் அணை கட்டியாயிற்று. இனிப் புதிதாகப் பெரிய ஆறு பிறக்கப்போவதில்லை. பகலில் சோலார் ஓடும்போது மதகை மூடித் தண்ணீரைச் சேமித்து, மாலையில் திறந்தால் இருக்கிற அணையே ஒரு பற்றரிதான். அதை இன்னும் கெட்டியாகச் செய்யவேண்டும்; வயலுக்கும் குடிநீருக்கும் முதலுரிமை என்பதால் எல்லாத் தண்ணீரையும் நாங்கள் நினைத்த நேரத்துக்கு விடமுடியாது. தண்ணீரைப் பகலில் மேலே ஏற்றி இரவில் விழவைக்கும் 600 மெகாவாட் திட்டம் ஒன்றை அரநாயக்கப் பக்கம், மகா ஓயாவில், பல வருடமாக ஆராய்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் இன்றைக்குத் தொடங்கினாலும் கையில் கிடைக்கப் பல வருடம். 2016 மே மாதம் மண்சரிவு ஊரையே மூடிய மலைப்பிரதேசம் அது என்பதால் அவசரப்படவும் கூடாது.

கடைசியாகப் பற்றரி. பத்து வருடத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானே பணக்காரர் விளையாட்டு என்றிருப்பேன். 2010இல் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு அலகு மின்சாரம் பிடிக்கும் லிதியம் பற்றரி ஆயிரம் டொலருக்கு மேல் விற்றது. 2024இல் உலகச் சராசரி 115 டொலரை ஒட்டி வந்துவிட்டது. தென் அவுஸ்திரேலியாவில் 2016 செப்டெம்பரில் முழு மாநிலமும் இருண்டது. அடுத்த வருடம் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கோ ஒரு நிலையம் நின்றால் நொடிக்கும் குறைவான நேரத்தில் கைகொடுக்கும் என்று அது காட்டியது.

பெப்ரவரி 9 எங்களுக்கு ஏன் வந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பாரம் ஏற்றிய லொறி சின்னக் குழியில் விழுந்தாலும் ஓடிக்கொண்டே போகும், சைக்கிள் சரிந்துவிடும். மின்கம்பியில் அந்தப் பாரம் பெரிய நிலையங்களின் சுற்றும் இயந்திரங்களிலிருந்து வருகிறது. ஞாயிறு காலையில் தேவை குறைவு, சோலார் நிறைய, சுற்றும் இயந்திரம் சில மட்டுமே. ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாம் சரிந்தது. இதைக் காட்டி, சோலாரைக் குறையுங்கள் என்கிறார்கள் சிலர். சைக்கிள் சரிந்தது என்றால் சில்லைக் கழற்றுவதா, தாங்குகால் பூட்டுவதா? சோலாரைக் குறைக்காமல், அதற்குப் பக்கத்தில் பற்றரி வைப்பதுதான் சரியான மருந்து. 10 மெகாவாட், நாலு மணிநேரம் தாங்கும் பற்றரியை 16 உப மின்நிலையங்களில் வைக்க மின்சார சபை கேள்விப்பத்திரம் கோரியது. மொத்தம் 160 மெகாவாட். உச்சநேரத் தேவையில் 6 வீதத்துக்குக் கிட்ட. கேட்கச் சிறிதுதான், ஆனால் உச்சியில் நிற்கும் மிக விலைகூடிய டீசல் மின்சாரத்தை முதலில் வெட்டுவது இந்த அளவுதான்.

பற்றரியும் சீனாவிலிருந்து கப்பலில்தானே வருகிறது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. நிலக்கரிக் கப்பல் பருவகாலத்தில் ஐந்தாறு நாளைக்கு ஒன்று வரவேண்டும். டொலர் இருக்கும் வருடத்தில் பற்றரி வாங்கிவைத்தால் டொலர் இல்லாத வருடத்திலும் அது வேலை செய்யும். நிலக்கரியை அப்படி வாங்கிவைக்க முடியாது. பாகிஸ்தான் சனம் அரசுக்காகக் காத்திருக்காமல் இதைக் கண்டுபிடித்துவிட்டது. 2024இல் மட்டும் 17 கிகாவாட் அளவு சோலார் தகடு அந்த நாட்டுக்குள் இறங்கியது. எங்களிடமும் இதன் சின்ன வடிவம் உண்டு. எழுவைதீவில் வெயில், காற்று, பற்றரி, டீசல் நாலும் சேர்ந்த சிறு மின்தொகுதி ஏற்கெனவே ஓடியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் அதுபோலவே, இந்திய உதவிப் பணத்தில், 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்று, பற்றரி என்று திட்டம் போட்டு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். டீசல் பீப்பாயைக் கடல் கடத்திக் கொண்டுபோய் லைட் எரித்த ஊர்கள் இவை.

இனிச் சின்னம்மா வீட்டுக் கணக்கு. 5 கிலோவாட் தகடு எங்கள் வெயிலுக்கு நாளொன்றுக்கு 20 அலகை ஒட்டித் தரும். உச்சநேரத்தில் அவருக்கு வேண்டியது என்னவென்று இரவு முழுக்க மீற்றரைப் பார்த்து எழுதினேன். இரண்டு ஃபான், ஐந்து எல்ஈடி, ரீவி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் சேர்ந்து நாலு மணிநேரத்தில் ஒன்றரை அலகு. அரிசிக்குக்கரைச் சேர்த்தால் இரண்டு. 5 கிலோவாட் மணி பற்றரி இதைத் தாங்கி, மிச்சத்தையும் விற்கும். உச்சநேரத்தில் பற்றரியிலிருந்து கம்பிக்கு ஏற்றும் அலகுக்கு 45 ரூபா 80 சதம் தருவதாக 2025இல் அறிவித்தார்கள். புதிதாகப் பூட்டும் சிறு கூரையின் பகல் அலகுக்கு அப்போது கிடைத்தது 20 ரூபாவை ஒட்டித்தான். மோட்டர் போட்டுத் தாங்கியில் நீர் ஏற்றுவதையும் அயர்ன் பண்ணுவதையும் மத்தியானத்துக்கு மாற்றினால் போதும். கம்பி செத்தாலும் வீட்டைத் தனியாக ஓட்டும் வகை இன்வெர்ட்டராகத்தான் எடுக்கவேண்டும். கூரை அளக்க வந்தவரிடம் இதை இரண்டு தரம் எழுதி வாங்கச் சொன்னேன். "அப்ப பற்றரியோடையே போடுவம்" என்றார் சின்னம்மா.

வீட்டுக்கு இது சரி. நாட்டுக்கு இதே வரிசையைச் சொல்வேனா என்றால், ஒரு மாற்றத்தோடு. கூரையும் காசும் உள்ளவர்கள் எல்லாரும் இப்படிப் பற்றரி பூட்டிக்கொண்டு ஒதுங்கினால், பழைய நிலையங்களின் கடனையும் டீசல் செலவையும் சுமக்கப்போகிறவர்கள் கூரை இல்லாதவர்கள். கொழும்பில் மாடிவீட்டு ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர், மலையகத்தில் லயன் அறையில் ஒரே தகரக் கூரையை இன்னும் பத்துக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்பவர். 66 வீதம் ஏறியபோது லைட்டை அணைத்துவிட்டு இருந்தவர்களும் அவர்கள்தான். ஆகவே பொதுப்பணம் முதலில் உப மின்நிலையப் பற்றரிக்குப் போகட்டும். அதில் சேமித்த மத்தியான வெயில் லயனுக்கும் மாடிவீட்டுக்கும் ஒரே விலையில் போய்ச் சேரும். வீட்டுப் பற்றரி அதற்குப் பின்னால் வரட்டும். பெருநிலக் காற்றாலை அதனுடன் சேர்ந்து வளரட்டும். கேபிள் மெல்ல வரட்டும். வாயு முனையத்துக்குக் கையெழுத்துப் போடும் பேனாவை மட்டும் இன்னும் கொஞ்சக் காலம் மூடியே வைத்திருக்கட்டும்.